மேலே கைகுலுக்கல், கீழே பில்

அமெரிக்காவும் சோவியத் நாடும் விண்வெளியில் முதல்முறை கைகுலுக்குவதற்கு முன்னால் பொறியாளர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்களில் ஒன்று, யார் ஆண், யார் பெண் என்பது. கேலிக்காகச் சொல்லவில்லை. அதுவரை இரண்டு விண்கலங்களை ஒட்டவைப்பதென்றால் ஒன்றில் முளை நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்றில் அதை வாங்கிக்கொள்ளக் குழி இருக்கும். நீட்டுகிற கலம்தான் வேலை செய்யும். வாங்குகிற கலம் சும்மா இருக்கும். உலகத்தைப் பல தடவை கொளுத்துவதற்குப் போதுமான அணுகுண்டுகளை அடுக்கி வைத்திருந்த இரண்டு வல்லரசுகளுக்கும் குழியாக இருக்க மனசு வரவில்லை.

ஆகவே விளாதிமிர் சிரோமியாத்னிகோவ் என்ற சோவியத் பொறியாளரை முன்நிறுத்தி இரு தரப்பும் கூடி ஒரு வளையம் செய்தார்கள். இந்தப் பக்கம் மூன்று இதழ், அந்தப் பக்கம் மூன்று இதழ், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். எந்தக் கலமும் ஆபத்தில் இருக்கும் எந்தக் கலத்தையும் போய் மீட்கலாம் என்பது அதற்குச் சொன்ன பொறியியல் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் 1975 ஜூலை 17 அன்று அமெரிக்க அப்பல்லோவின் வளையம் நீட்டியது, சோவியத் சோயுஸின் வளையம் வாங்கியது. ஜூலை 19 அன்று பிரிந்து மறுபடி ஒட்டியபோது சோயுஸ் நீட்டியது, அப்பல்லோ வாங்கியது. கணக்கு நேர்.

வியட்நாம் போரில் சைகோன் விழுந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. மேலே அப்பல்லோவின் தாமஸ் ஸ்டாஃபோர்டும் சோயுஸின் அலெக்ஸி லியோனோவும் கைகுலுக்கிக்கொண்டார்கள். லியோனோவ் விருந்தாளிகளுக்கு ஓட்கா லேபிள் ஒட்டிய குழாய்களை எடுத்து நீட்டினார். உள்ளே இருந்தது பீட்ரூட் சூப்.

அந்த இரண்டு மனிதர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாகும்வரை நண்பர்களாக இருந்தார்கள். 2019-ல் லியோனோவ் இறந்தபோது ஸ்டாஃபோர்ட் தள்ளாத வயதில் ரஷ்யாவுக்குப் போய் அஞ்சலி உரை ஆற்றினார். அவர்களுடைய நட்பை லேபிளாக அச்சடித்து ஐம்பது வருஷமாக வேறு சரக்கு விற்றுக்கொண்டிருப்பவர்களைப் பற்றித்தான் பேச்சு.

கைகுலுக்கி மூன்று வருஷத்தில் சோவியத் நாடு 'இன்டர்காஸ்மாஸ்' திட்டத்தின் பெயரில் தோழமை நாடுகளின் ஆட்களை வரிசையாக மேலே ஏற்றிப் போக ஆரம்பித்தது. முதல் ஆள் செக்கோஸ்லோவாக்கியாவின் விளாதிமிர் ரெமெக், 1978 மார்ச். அவருடைய தலைநகரத்துக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்து அப்போது பத்து வருஷம் ஆகப்போகிறது. திரும்பி வந்த ரெமெக்கின் கை ஏன் சிவந்திருக்கிறது என்று அந்த ஊரில் ஒரு ஜோக் ஓடியது: எந்த ஸ்விட்சைத் தொடப்போனாலும் ரஷ்யர்கள் 'தொடாதே' என்று புறங்கையில் ஒன்று போட்டார்களாம். 1988 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் அப்துல் அஹத் மோமந்த் போனார். அவர் நாட்டை ஒன்பதாவது வருஷமாகப் பொசுக்கிக்கொண்டிருந்த சோவியத் ராணுவம் அப்போதுதான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஊரைக் கொளுத்தியவன் ஊர்க்காரன் ஒருவனை உயரத்தில் ஏற்றி, பார் எவ்வளவு அழகு என்று காட்டினான். மோமந்த் பிற்பாடு ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தார்.

அதே வரிசையில்தான் 1984 ஏப்ரலில் நம் ராகேஷ் சர்மா. நாற்பத்தொரு வருஷம் கழித்து, 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா. சுக்லாவோடு கலத்தில் போனவர்களில் ஒருவர் போலந்துக்காரர், ஒருவர் ஹங்கேரிக்காரர். மூன்று நாட்டு அரசுகளுக்கும் இது இரண்டாவது ஆள். மூன்று நாடுகளின் முதல் ஆளையும் 1978, 1980, 1984 என்று சோவியத் நாடுதான் கொண்டுபோயிருந்தது. அப்போது சகோதரத்துவம் என்று சொல்லி ஏற்றினார்கள். இப்போது ஆக்ஸியம் என்ற அமெரிக்கக் கம்பெனி டிக்கெட் போட்டு ஏற்றியது. நம் பங்குக்குச் சுமார் 550 கோடி ரூபாய். சுக்லா கேரட் அல்வா கொண்டுபோனார், வெந்தயமும் பாசிப்பயறும் முளைக்கவைத்தார், கொடுத்த வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டு இறங்கினார். நாமே ஆளை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு அந்த அனுபவம் ஆகும். அதை யாரும் மறுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய சீட்டை, உலகமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாகக் காட்டி நம் டிவிக்காரர்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். சுக்லா போன சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அஸ்திவாரம் போடும்போது ஒரு கதவை நம் மூஞ்சிக்கு நேரே சாத்திய கதை ஒன்று உண்டு. அன்றைக்கு எந்த டிவியிலும் அது ஓடவில்லை.

1991 ஜனவரியில் இஸ்ரோ, சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. கிரையோஜெனிக் என்ஜினும் தருவார்கள், அதைச் செய்யும் நுட்பத்தையும் சொல்லித் தருவார்கள். கனமான செயற்கைக்கோள்களை நாமே ஏவுவதற்கு அது இல்லாமல் முடியாது. அமெரிக்காவுக்குப் பொறுக்கவில்லை. இந்த என்ஜின் ஏவுகணைக்கு ஆகும் என்று சொல்லி 1992 மே மாதம் இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் தடை போட்டது. கிரையோஜெனிக் என்ஜினுக்குத் திரவ ஹைட்ரஜன் வேண்டும். அதை மைனஸ் 253 டிகிரியில் காப்பாற்ற வேண்டும். அதை ஏவுகணையில் நிரப்பிவைத்துக்கொண்டு எந்த எதிரிக்காகக் காத்திருப்பது? நாம் ஊற்றி முடிப்பதற்குள் எதிரி சண்டையை முடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். இது தெரியாத மடையர்களா அமெரிக்க ராக்கெட்காரர்கள்? எல்லாம் தெரியும்.

சோவியத் நாடு சிதறிவிட்டது. ரஷ்ய அதிபர் யெல்ட்சின் கையில் திருவோடு. வேலையில்லாத ரஷ்ய ராக்கெட் விஞ்ஞானிகள் ஈரான், வடகொரியா என்று கிளம்பிவிடக் கூடாது என்ற கவலை வாஷிங்டனுக்கு. 1993 ஜூலையில் ரஷ்யா வளைந்து கொடுத்தது: என்ஜினை விற்கிறோம், நுட்பத்தைத் தரமாட்டோம். அதே வருஷம் செப்டம்பர் 2 அன்று அமெரிக்கத் துணை அதிபர் அல் கோரும் ரஷ்யப் பிரதமர் செர்னோமிர்தினும் வாஷிங்டனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். விண்வெளி நிலையத்தைச் சேர்ந்து கட்டுவார்களாம். ரஷ்யாவின் மீர் நிலையத்தில் அமெரிக்கர்கள் போய்த் தங்குவது போன்ற வேலைகளுக்காக ரஷ்யாவுக்கு 40 கோடி டாலர். ஒரு கோடைகாலத்துக்குள் இரண்டும் முடிந்தன. மனிதகுலத்தின் மாபெரும் கூட்டு முயற்சி என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போடுகிறார்களே, அந்த நிலையத்தின் அஸ்திவார பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் நம்முடைய ஒப்பந்தம்.

பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் நம் ஆட்கள் அந்த என்ஜினை முட்டி மோதிச் சொந்தமாகச் செய்தார்கள். 2010-ல் முதல் தடவை ஏவியபோது கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5 அன்றுதான் ஜிஎஸ்எல்வி ராக்கெட் உள்நாட்டுக் கிரையோஜெனிக் என்ஜினோடு ஒழுங்காக மேலே போனது. அந்த வாஷிங்டன் கையெழுத்துக்கும் இதற்கும் நடுவில் இருபது வருஷத்துக்கு மேல். ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் வேலைக்குச் சேர்ந்து தலை நரைத்திருப்பார்கள். இந்தக் கணக்கை எந்த ஒத்துழைப்பு விழாவிலும் எவனும் வாசிப்பதில்லை.

சரி, கட்டிய வீட்டுக்கு வருவோம். 1998 நவம்பர் 20 அன்று ஸார்யா என்ற முதல் துண்டு மேலே போனது. செய்தது மாஸ்கோவில், பணம் அமெரிக்காவுடையது, ஏவியது கஜகஸ்தான் மண்ணிலிருந்து. பங்காளிகள் என்று 15 நாடுகள் கையெழுத்துப் போட்டிருந்தன. மண்ணைக் கொடுத்த கஜகஸ்தான் அதில் இல்லை. அவர்களுக்குப் பைக்கனூர் ஏவுதளத்துக்கு வாடகை வருஷம் 11.5 கோடி டாலர். அவ்வப்போது தவறி விழும் ராக்கெட்டின் நச்சு எரிபொருள் இலவச இணைப்பு.

இனி கக்கூஸ். முகம் சுளிக்க வேண்டாம், நாசாவே 1.9 கோடி டாலர் கொடுத்து யோசித்த விஷயம். நிலையத்தின் அமெரிக்கப் பக்கத்தில் வைப்பதற்காக 2007-ல் ரஷ்யாவிடம் ஒரு கழிப்பறை வாங்கினார்கள். 2009 மார்ச்சில், மேலே புறப்படத் தயாராகிக்கொண்டிருந்த ரஷ்ய வீரர் கென்னாடி படால்கா ஒரு ரஷ்யப் பத்திரிகையிடம் மனம்விட்டுப் புலம்பினார். 2003 வாக்கில் ரஷ்யா தன் பக்கத்தில் பயன்படுத்தும் ஒவ்வொன்றுக்கும் மற்ற நாடுகளிடம் பில் போட ஆரம்பித்ததாம். அவர்களும் பதிலுக்கு ஆரம்பித்தார்கள். கடைசியில், அமெரிக்க உடற்பயிற்சிக் கருவியில் ரஷ்யன் ஏறக் கூடாது, அவரவர் நாட்டுக் கழிப்பறைக்குத்தான் அவரவர் போக வேண்டும் என்ற நிலைமைக்கு வந்து நின்றது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகம். தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு தரம் பூமியைச் சுற்றுகிறது வீடு. ஒரு நாளைக்குப் பதினாறு சூரிய உதயம். எடையில்லாமல் மிதக்கிற மனிதனுக்கு அவசரம். அவன் முதலில் தன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் நாடுகளுக்கு நடுவே எல்லைக்கோடு தெரிவதில்லை என்று உருகாத விண்வெளி வீரர் கிடையாது. எப்படித் தெரியும்? கோட்டைக் கொண்டுபோய்க் கக்கூஸ் வாசலில் போட்டுவிட்டார்களே. இதில் இன்னொரு நுணுக்கம்: அந்த அமெரிக்கக் கக்கூஸே ரஷ்யன் செய்து கொடுத்தது. கட்டிக்கொடுத்தவன் உள்ளே வராதே என்பது நம் ஊர்க் கோயில் வாசல்களுக்கு மட்டும் சொந்தமான விதி என்று நினைத்திருந்தேன். ஏற்றுமதியாகியிருக்கிறது.

அதே நிலையத்தில் அமெரிக்கப் பக்கத்து இயந்திரம் ஒன்று சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிதண்ணீர் ஆக்குகிறது. ரஷ்யர்கள் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. ஆனால் அவர்கள் சிறுநீரையும் அமெரிக்கர்கள் கேட்டு வாங்கிச் சுத்திகரித்துக் குடித்திருக்கிறார்கள். ஐம்பது வருஷ ஒத்துழைப்பில் நான் எழுந்து நின்று கும்பிடத் தயாராக இருப்பது இது ஒன்றுக்குத்தான்.

2011 ஜூலையில் அமெரிக்கா தன் ஷட்டில்களை மியூசியத்துக்கு அனுப்பிவிட்டது. நிலையத்துக்குப் போக சோயுஸ் ஒன்றே வழி. சகோதரத்துவம் உடனே மீட்டரைப் போட்டது. சில வருஷங்களுக்கு முன் இரண்டு கோடி டாலர் சொச்சமாக இருந்த சீட்டு, ஏறி ஏறி ஒன்பது கோடி டாலரைத் தொட்டது. 2014-ல் கிரிமியாவை ரஷ்யா விழுங்கியதும் அமெரிக்கா தடை போட்டது. தடைப் பட்டியலில் இருந்த ரஷ்யத் துணைப் பிரதமர் திமித்ரி ரகோசின், இனி அமெரிக்கர்கள் டிராம்போலினில் குதித்து நிலையத்துக்குப் போகட்டும் என்றார். அமெரிக்காவும் ரோஷப்பட்டுக்கொண்டே காசு கட்டிச் சீட்டு வாங்கியது. 2020 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் ஆட்களை ஏற்றிப் போனபோது, டிராம்போலின் வேலை செய்கிறது என்று அதன் முதலாளி ஈலான் மஸ்க் பதிலடி கொடுத்தார். ஆறு வருஷம் காத்திருந்து சொன்ன பதில். தெருப்பிள்ளைகள் தேவலை, அன்றைக்கே முடித்துக்கொள்வார்கள்.

ரகோசின் அதற்குள் ரோஸ்காஸ்மாஸ் விண்வெளி நிறுவனத்துக்கே தலைவராகியிருந்தார். 2022 பிப்ரவரி 24. உக்ரைனுக்குள் டாங்கிகள் நுழைந்த அன்றைக்கே, அமெரிக்கத் தடைகளுக்குப் பதிலடியாக அவர் ஒரு கேள்வி கேட்டார்: எங்களை வெட்டிவிட்டால் நிலையம் கட்டுப்பாடிழந்து அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ விழாமல் யார் காப்பாற்றுவார்கள்? அதோடு விட்டாரா? 500 டன் எடையும் இந்தியா மேலோ சீனா மேலோ விழ வாய்ப்பிருக்கிறது, அவர்களை அப்படிப் பயமுறுத்த விரும்புகிறீர்களா என்று சேர்த்துக்கொண்டார். நிலையம் ரஷ்யாவுக்கு மேலே பறப்பதில்லை, ஆபத்தெல்லாம் உங்களுக்குத்தான் என்பது முத்தாய்ப்பு.

சண்டை அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும். பிரேதம் விழ வேண்டியது கும்மிடிப்பூண்டியில். நிலையத்தின் பாதை வடக்கே 51.6 பாகையிலிருந்து தெற்கே 51.6 பாகைவரை ஏறி இறங்குகிறது. அந்தச் சாய்வே பைக்கனூரிலிருந்து ஏவ ரஷ்யாவுக்கு வாகாக இருக்க வேண்டும் என்று வைத்தது. அந்தப் பட்டைக்குள் சென்னை உண்டு, டாக்கா உண்டு, லாகோஸ் உண்டு. மாஸ்கோ கிடையாது. நிலையம் கட்டியபோது பங்காளிப் பட்டியலில் நாம் இல்லை. விழுவதற்கு இடம் தேடும்போது மட்டும் நம் பெயர் ஞாபகம் வருகிறது, அதுவும் சீனாவுக்கு முன்னால்.

ஒரு வாரத்தில் பைக்கனூரில் இன்னொரு கூத்து. ஒன்வெப் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் செயற்கைக்கோள்களைச் சுமந்து நின்ற சோயுஸ் ராக்கெட்டின் மேல் பல நாட்டுக் கொடிகள் வரைந்திருந்தன. அமெரிக்க, பிரிட்டிஷ், ஜப்பானியக் கொடிகளை மட்டும் ஆட்கள் ஏறி மூடினார்கள். நம் கொடியை விட்டுவைத்தார்கள். நம் ஊரில் சிலருக்கு அதில் புல்லரித்தது. தலையில் போடுவேன் என்றவன் கொடியை அழிக்காமல் விட்டானே என்று! ஒன்வெப் வேறு வழியில்லாமல் இஸ்ரோவிடம் வந்தது. 2022 அக்டோபர் 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 36 செயற்கைக்கோள்கள் மேலே போயின. தூக்கிப் போனது, மகேந்திரகிரியில் சோதித்த கிரையோஜெனிக் என்ஜின்.

அந்த வருஷம் ஜூலை 15 அன்று ரகோசின் பதவி போயிற்று. அதே நாளில் நாசாவும் ரோஸ்காஸ்மாஸும் ஒருவர் கலத்தில் ஒருவர் ஆளை ஏற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தை அறிவித்தன. உக்ரைனில் குண்டு விழுந்துகொண்டேதான் இருந்தது. சண்டைக்கு நடுவிலும் மனிதம் வென்றது என்று எழுதினார்கள். நிலையத்தை உந்தி உயரத்தில் நிறுத்தும் முக்கிய என்ஜின் ரஷ்யப் பக்கம், மின்சாரத்தின் பெரும்பங்கு அமெரிக்கப் பக்கம். பிரிந்தால் இருவரும் சேர்ந்து விழுவார்கள். இதற்குப் பெயர் மனிதமாம்.

சீனாவோடு அந்த நாடகமும் இல்லை. 2011-ல் அமெரிக்க எம்.பி. ஃபிராங்க் வுல்ஃப் போட்ட திருத்தம், நாசா பணத்தில் ஒரு பைசாகூடச் சீனாவோடு நேரடிக் கூட்டுக்குப் போகக் கூடாது என்றது. சீனாக்காரன் பத்து வருஷத்தில் சொந்தமாகவே ஒரு நிலையத்தை மேலே நிறுத்திவிட்டான். நமக்குச் செய்ததன் இரண்டாம் பதிப்பு. அவனிடம் காசு இருந்ததால் சீக்கிரம் முடிந்தது, அவ்வளவுதான்.

நாமும் சொக்கத் தங்கம் இல்லை. 2019 மார்ச் 27 அன்று நம் செயற்கைக்கோளையே சுட்டுச் சில்லு சில்லாக்கிவிட்டு, பிரதமரே டிவியில் வந்து அறிவித்தார். சில்லுகளால் நிலையத்துக்கு ஆபத்து என்று நாசா தலைவர் கத்தினார். 2008-ல் அமெரிக்காவும் சுட்டதுதான். சீனா 2007-லேயே சுட்டுவிட்டது. ரஷ்யா 2021 நவம்பர் 15 அன்று சுட்டதில் 1,500-க்கு மேற்பட்ட துண்டுகள். நிலையத்தில் இருந்த ஏழு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கலங்களுக்குள் போய் ஒடுங்கினார்கள். ஏழு பேரில் இருவர் ரஷ்யர்கள்.

இப்போது நிலையத்துக்கு வயதாகிவிட்டது. 2030-க்குப் பின் அதைத் தள்ளித் தென் பசிபிக்கில் போடப்போகிறார்கள். தள்ளுகிற கலத்தைச் செய்ய 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸுக்கு 84.3 கோடி டாலர் வரை ஒப்பந்தம். குறி தப்பாது என்கிறார்கள். 2021 மார்ச்சில் இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட பழைய பேட்டரி மூட்டையை வெளியே வீசியபோதும் எல்லாம் காற்றில் எரிந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். ஜப்பானியத் தட்டு, அமெரிக்க பேட்டரிகள், கனடாவின் இயந்திரக் கை தூக்கி வீசியது. மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச் 8 அன்று, அதில் முக்கால் கிலோ உலோகத் துண்டு புளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கியது. 1972-ஆம் வருஷ உடன்படிக்கைப்படி அடுத்த நாட்டு வீட்டில் விழுந்தால் ஏவிய நாடு நஷ்டஈடு தந்தே ஆக வேண்டும். சொந்தக் குடிமகன் வீட்டில் விழுந்தால் அந்த உடன்படிக்கை செல்லாது. குடும்பத்தார் 80,000 டாலர் கேட்டு மனுப் போட்டார்கள். அடுத்த நாட்டில் விழுந்தாலும் பேரம்தான்: 1978-ல் அணு உலையோடு கனடாவில் விழுந்த காஸ்மாஸ் 954-க்குக் கனடா 60 லட்சம் கனடா டாலர் கேட்டது, சோவியத் நாடு 30 லட்சத்தில் முடித்தது.

1979 ஜூலையில் நாசாவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் எங்கே விழுமோ என்று நம் கிராமங்கள்வரை கிலி பிடித்து ஆட்டியது. கடைசியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறியது. எஸ்பெரன்ஸ் என்ற சின்ன ஊரின் உள்ளாட்சி, பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டு எழுதியது. நாசா கட்டவில்லை. 2009-ல் அமெரிக்க ரேடியோக்காரர் ஒருவர் தன் நேயர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார்.